பட்டறைக் கேள்விகள்: நெல்லைச் சீமையிலிருந்து பிஸ்மத் பற்றி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே உலோகத்தைப் பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் பிஸ்மத்துக்கே கொடுத்துவிட்டோம். தனிம அட்டவணையில் காரீயத்துக்கு அடுத்த கட்டத்தில் இருப்பது, எண் 83. 271 டிகிரியில் உருகும். உறையும்போது சுருங்காது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பருப்பதைப் போல இதுவும் பருக்கும், 3.3 சதவீதம். பதில்களில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

பாளையங்கோட்டை, ஒரு பள்ளி ஆசிரியை: அறிவியல் கண்காட்சிக்குப் பிஸ்மத் படிகம் செய்தோம். ஒரு கிலோ வாங்கி, ஈயம் பூசிய பழைய பித்தளைப் பாத்திரத்தில் உருக்கினோம். வானவில் நிறப் படிக்கட்டுப் படிகம் வரவில்லை, சாம்பல் நிறக் கட்டிதான் வந்தது. எங்கே தவறு?

பாத்திரத்தில்தான் தவறு. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுகிற ஈயம், காரீயம் அல்ல, வெள்ளீயம் (டின்). உருகிய பிஸ்மத் அந்தப் பூச்சைக் கரைத்து எடுத்துக்கொண்டது. பிஸ்மத் 58 பங்கும் வெள்ளீயம் 42 பங்கும் சேர்ந்தால் 138 டிகிரி வரை உறையாது. உங்கள் பூச்சில் அவ்வளவு வெள்ளீயம் இல்லைதான். ஆனால் ஓரிரு சதவீதம் கலந்தாலே படிகம் படிக்கட்டாக வளராது, கூழாக இறுகிவிடும். பித்தளையில் உள்ள துத்தநாகமும் கொஞ்சம் கரைந்திருக்கும். அந்தக் கட்டியை இனிப் படிகத்துக்குப் பயன்படுத்த முடியாது, தனியாகக் குறிப்பெழுதி வையுங்கள்.

அடுத்த முறைக்கு 99.99 சதவீதத் தூய்மையுள்ள பிஸ்மத் இரண்டு கிலோ வாங்குங்கள். ஒரு கிலோ என்பது வெறும் 100 மில்லி. அகலமான சட்டியில் ஊற்றினால் தோசை போலப் பரவிவிடும், படிகம் வளர ஆழம் இருக்காது. எட்டு செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் டம்ளரில் இரண்டு கிலோ நான்கு செ.மீ. உயரத்துக்கு நிற்கும். வாய் சற்று விரிந்த டம்ளராக இருக்கட்டும். வாய் குறுகிய சொம்பு என்றால் பருத்த கட்டி வெளியே வராது. கண்ணாடி வேண்டவே வேண்டாம், பருக்கிற வேகத்தில் விரிசல் விடும்.

320 டிகிரி வரை சூடாக்கி, மேலே படரும் மஞ்சள் கலந்த சாம்பல் ஆடையை எவர்சில்வர் கரண்டியால் ஓரமாக ஒதுக்குங்கள். பிறகு டம்ளரைச் சூடான மணலில் கழுத்துவரை புதைத்து மூடி போடுங்கள். இங்குதான் பொறுமை வேண்டும். மின்விசிறிக் காற்று பட்டால் படிகம் பொடிப்பொடியாகவே வரும். இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்து டம்ளரை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல் நின்று, நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் திரவம் நடுங்கினால் நேரம் வந்துவிட்டது. திடப் பிஸ்மத் தன் திரவத்தைவிட லேசானது. அதனால் மேலே ஓடு கட்டி, அதிலிருந்து படிகங்கள் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டின் ஓரத்தைத் துளைத்து, மிச்சத் திரவத்தை ஈரமில்லாத இன்னொரு சூடான பாத்திரத்தில் ஊற்றுங்கள். சதுரச் சதுரமாக உள்ளிறங்கும் படிக்கட்டு அப்போது தெரியும். படிகத்தின் முகங்களைவிட விளிம்புகள் வேகமாக வளர்வதால் வருகிற வடிவம் அது.

நிறம் உலோகத்துடையது அல்ல. சூடான படிகத்தின் மேல் காற்று பட்டு உண்டாகும் ஆக்சைடுப் படலம்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுகிற மாதிரிதான். படலம் மெல்லியதாக இருந்தால் பொன் நிறம், தடிக்கத் தடிக்க ஊதா, நீலம். நீலம் வேண்டுமானால் சற்றுச் சூடாக இருக்கும்போதே திரவத்தை வடித்து, காற்றில் விடுங்கள்.

கரண்டி, டம்ளர், மணல் எதிலும் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. உருகிய உலோகத்துக்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு அணிந்த பெரியவர்தான் ஊற்ற வேண்டும், பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். அந்த டம்ளர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

வாங்கியது நல்ல பிஸ்மத்தா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. 978 கிராம் எடையுள்ள துண்டைத் தண்ணீரில் முக்கினால் சரியாக 100 மில்லி தண்ணீர் விலக வேண்டும். குறைவாக விலகினால் காரீயம் கலந்திருக்கலாம், கூடுதலாக விலகினால் வெள்ளீயம். சுத்தியலால் தட்டினால் லேசான இளஞ்சிவப்பு மினுக்கத்தோடு உடைய வேண்டும். கத்தியில் வெண்ணெயாக வெட்டுப்பட்டால் அது பிஸ்மத் அல்ல. கண்காட்சிக்கு இதையும் வையுங்கள்: ஒரு துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கில் கிடைக்கும் நியோடிமியம் காந்தத்தை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனால் துண்டு விலகி ஓடும். காந்தத்தை இவ்வளவு தெளிவாக வெறுக்கிற சாதாரண உலோகம் வேறு இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கம், குத்துவிளக்கு வார்ப்பவர்: அண்ணாச்சி, காயலான் கடையில் குழாய்ப் பித்தளை மலிவாகக் கிடைத்தது என்று கலந்து வார்த்தேன். கடைசலில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் தட்டைத் தண்டோடு பற்றவைக்கும்போது கீறல் விழுகிறது. உடைத்துப் பார்த்தால் கற்கண்டு போலப் பொரபொரவென்று இருக்கிறது. மண்ணிலா, சூட்டிலா கோளாறு?

மண்ணும் சூடும் சரியாகவே இருக்கும். நீங்கள் சொல்லும் அந்தக் கற்கண்டு முறிவுதான் பிஸ்மத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

பித்தளை கடைசலில் நீளச் சுருளாக வராமல் பொடியாக உதிர, முன்பெல்லாம் இரண்டு மூன்று சதவீதம் காரீயம் சேர்ப்பார்கள். குடிநீரில் காரீயம் இறங்குகிறது என்பதால், அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாய்ச் சாமான்களில் தண்ணீர் படும் பகுதியின் காரீயம் சராசரி 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சந்தைக்குச் செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் காரீயத்துக்குப் பதிலாகப் பிஸ்மத் போடுகிறார்கள். அவர்கள் பழக்கிச் செய்கிற கலவையில் அது நல்ல சரக்குதான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதபடி பழைய பித்தளையோடு கலந்து உங்கள் உருக்கும் மூசைக்கு வரும்போதுதான் தொல்லை.

செம்பில் காரீயமும் கரையாது, பிஸ்மத்தும் கரையாது. ஆனால் காரீயம் உருண்டைத் துளிகளாக அங்கங்கே ஒதுங்கி நிற்கும். பிஸ்மத்தோ உலோகத்தின் உள்ளே நெருக்கி அடுக்கிய சிறு படிக மணிகளின் இடுக்கில் காகிதம் போலப் படர்ந்துவிடும். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சாந்துக்குப் பதில் எண்ணெய் தடவியது போல. பற்றவைக்க நீங்கள் 700 டிகிரிக்குக் கொண்டுபோகும்போது அந்தப் படலம் 271-லேயே உருகிவிடுகிறது. ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் இழுக்கும் நேரத்தில் மணிகள் பிரிந்து கீறல் விழுகிறது. ஆறிய பிறகும் ஆபத்து இருக்கிறது, உறையும் பிஸ்மத் பருத்து இடுக்கை நெம்பும். தூய செம்புக்கு இது எவ்வளவு ஆகாது என்றால், முதல் தரச் செம்புத் தகட்டில் 0.0002 சதவீதத்துக்கு மேல் பிஸ்மத் கூடாது என்று விதி. ஒரு டன் செம்புக்கு 2 கிராம்!

சோதிக்க, சந்தேகப்பட்ட பித்தளையிலும் நம்பிக்கையான பழைய பித்தளையிலும் பென்சில் தடிமனில் ஒவ்வொரு கம்பி வார்த்து, ஆறியபின் இரண்டையும் குறட்டில் பிடித்து வளையுங்கள். முன்னது வளையாமல் பொரபொரவென்று முறிந்து, பின்னது வளைந்தால் கிட்டத்தட்ட உறுதி. சிவக்கச் சூடாக்கி வளைக்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், காரீயப் பித்தளையிலும் சூட்டில் கீறல் விழக்கூடும். முடிவாகத் தெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள ஆய்வகத்தில் ஒரு துண்டு கொடுங்கள்.

வெண்காரம் போட்டாலும் காற்று ஊதினாலும் பிஸ்மத் பித்தளையை விட்டுப் போகாது. செம்பிலிருந்து அதைப் பிரிக்க மின்னாற்பகுப்பு வேண்டும், அது பட்டறை வேலை அல்ல. நூறு கிலோவில் பத்து கிலோ குழாய்ப் பித்தளை கலந்து, அதில் ஒரு சதவீதம் பிஸ்மத் இருந்தால் மொத்தத்தில் 0.1 சதவீதம் தங்கும். செம்புத் தகட்டு விதியைப் போல ஐந்நூறு மடங்கு. ஆகவே அந்தச் சரக்கைப் பற்றவைக்காத தடித்த அடிப்பாகங்களுக்கு மட்டும் வையுங்கள். தண்டு, தட்டு, கைப்பிடி போலச் சூடு காணும் பாகங்களுக்குப் புதுச் செம்புக் கம்பியும் துத்தநாகமுமே வேண்டும். குழாய்க் குவியலைத் தனியாகப் போட்டுப் பெயர் எழுதுங்கள். மீண்டும் காயலான் கடைக்கே விற்றால் அங்கேயும் சொல்லிவிட்டு விற்பதுதான் முறை. இல்லையென்றால் அடுத்த பட்டறைக்காரர் இதே கேள்வியோடு நமக்கு எழுதுவார்.

வண்ணார்பேட்டை, செல்போன் பழுதுபார்ப்பவர்: 138 டிகிரியில் உருகும் பற்றவைப்புப் பேஸ்ட் சுலபமாக இருக்கிறது, போர்டும் கருகுவதில்லை. எல்லா வேலைக்கும் அதையே போடலாமா? போட்ட சில போன்கள் கீழே விழுந்ததும் திரும்பி வருகின்றன.

எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். நாம் மேலே சொன்ன 58-க்கு 42 பிஸ்மத்-வெள்ளீயம்தான் அந்தப் பேஸ்ட். பிஸ்மத் உடையும் உலோகம், அதன் குணம் இணைப்பிலும் தங்கும். மெல்ல இழுத்தால் தாங்கும், தரையில் விழும் அதிர்ச்சியில் விட்டுக்கொடுக்கும். சார்ஜர் செருகும் இடம், பட்டன், அழுத்தம் வாங்கும் எந்த இடத்திலும் வேண்டாம். அங்கே 217 டிகிரியில் உருகத் தொடங்கும் வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவையே போடுங்கள். இரண்டு போர்டு அடுக்காக ஒட்டிய போன்களில், உள்ளே உள்ள சில்லுகள் அசையாமல் நடு இணைப்பை மட்டும் மூட வேண்டிய இடத்துக்கு 138 சரியான பேஸ்ட். ஒரு சதவீதம் வெள்ளி கலந்தது கிடைத்தால் அதை வாங்குங்கள், முறிவு கொஞ்சம் குறையும்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாது. முன்பு யாராவது காரீயம் கலந்த ஈயக்கம்பியால் தொட்ட இடத்தில் இந்தப் பேஸ்டைப் போட்டால், பிஸ்மத்தும் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்து 96 டிகிரியிலேயே உருகும் ஒரு பகுதி உண்டாகும். கொதிக்கும் தண்ணீரின் சூடு கூட இல்லை. பளபளப்பாகத்தான் தெரியும். விளையாடிச் சூடான போனில் அந்த இணைப்பு மெல்லத் தளரும். புதுப் பேஸ்ட் வைக்குமுன் ஃப்ளக்ஸ் தடவி, செம்புப் பின்னலால் இரண்டு முறை பழையதை உறிஞ்சி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெரிய சில்லைக் கழற்றப் பிஸ்மத் கலவையைக் கால்களில் தாராளமாக ஓடவிடும் வழக்கம் நல்ல வழக்கம்தான், இணைப்பு அதிக நேரம் உருகியே இருக்கும். ஆனால் கழற்றியபின் அதில் துளியும் மிஞ்சக் கூடாது.

சிறு குளிர்பெட்டிகளில் வரும் பெல்டியர் தகடும் இதே கதை. உள்ளே இருப்பது பிஸ்மத் டெல்லூரைடு. ஒரு பக்கம் குளிர்ந்தால் மறுபக்கம் சுடும். சாதாரண ரகங்களில் உள்ளிணைப்பு 138 டிகிரி ஈயம்தான். அலுமினியச் சூடுவாங்கி இல்லாமல் ‘சும்மா வேலை செய்கிறதா’ என்று 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தே பலர் அதைக் கெடுக்கிறார்கள்.

ஆலங்குளம், அரிசி ஆலை: பாய்லரின் உருகு அடைப்பானில் உள்ள ஈயம் தேய்ந்துவிட்டது. பிஸ்மத் ஈயம் கையில் இருக்கிறது, உருக்கி ஊற்றிக்கொள்ளலாமா?

கூடாது. பாய்லரில் தண்ணீர் இறங்கி, தீ எரியும் அறையின் கூரை காய்ந்துபோனால், உருகி வழிவிட்டு எச்சரிக்க வேண்டியது அந்த அடைப்பான். அதில் பொதுவாக 232 டிகிரியில் உருகும் தூய வெள்ளீயம் இருக்கும். 10 கிலோ அழுத்தத்தில் நீராவியே 184 டிகிரி. 138-ல் உருகும் கலவையை ஊற்றினால் தண்ணீர் நிறைய இருக்கும்போதே முதல் நாளே பிய்த்துக்கொண்டு போகும். ‘சரி, தூய பிஸ்மத் 271 ஆயிற்றே’ என்று போட்டால் உருக வேண்டிய நேரத்தில் உருகாமல் இரும்புத் தகடு மேலும் காயும். இரண்டுமே உயிரோடு விளையாட்டு. பாய்லர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முழு அடைப்பானையே வாங்கி, ஆண்டுச் சோதனையின்போது மாற்றுங்கள். பழைய வெள்ளீயமும் நாளடைவில் ஆக்சைடாகி இறுகி, உருகும் குணத்தை இழக்கும்.

உங்கள் ஆலையிலேயே பிஸ்மத் கலவைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. வெல்டிங் அசிட்டிலின் உருளையின் பாதுகாப்பு அடைப்பான் ஏறத்தாழ 100 டிகிரியில் உருகும் கலவையால் ஆனது. அதனால்தான் உருளைத் தலையில் தீ நாக்கைக் காட்டக் கூடாது என்று அடித்துச் சொல்கிறோம்.

கங்கைகொண்டான், பஞ்சு கிடங்கு மேற்பார்வையாளர்: தீயணைப்புத் தெளிப்பானில், சூட்டில் உருகித் தண்ணீரைத் திறந்துவிடும் இணைப்பு 72 டிகிரி என்று போட்டிருக்கிறது. தகரக் கூரை. வெயிலில் தானாகத் திறந்துவிடுமா?

வெயிலில் 72 ஆகாது. இருந்தாலும் அந்த ரகம் உங்கள் கூரைக்கு உரியதல்ல. 57 முதல் 77 டிகிரி வரையிலான சாதாரண ரகம், கூரைக்கடிச் சூடு 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்கு மட்டும். சித்திரை வெயிலில் நம் ஊர்த் தகரத்தடியில் அது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். நாள்தோறும் அந்தச் சூட்டில் இழுவையோடு நிற்கும் பிஸ்மத் கலவை இணைப்பு மெல்ல நீண்டு, தீயே இல்லாமல் ஒரு நாள் விட்டுவிடலாம். பஞ்சு முழுவதும் நனையும். 79 முதல் 107 டிகிரி ரகம், கூரைக்கடி 66 டிகிரி வரை தாங்கும். அதைப் போடச் சொல்லுங்கள். இணைப்பு உள்ளதாக இருந்தால் தெளிப்பானின் சட்டகத்தில் வெள்ளைச் சாயமும், கண்ணாடிக் குமிழ் உள்ளதாக இருந்தால் 79-க்கு மஞ்சள், 93-க்குப் பச்சைத் திரவமும் அடையாளம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் தெளிப்பான் மேலும் அடித்துவிடுவார்கள். அடித்ததைச் சுரண்டாதீர்கள், மாற்றுங்கள்.

மேலப்பாளையம், பைப் வளைப்பவர்: செம்புக் குழாய் நசுங்காமல் வளைக்க உள்ளே ஊற்றும் உலோகம் என்கிறார்களே, அது எப்படி?

பிஸ்மத் 50, காரீயம் 26.7, வெள்ளீயம் 13.3, காட்மியம் 10 பங்கு சேர்ந்த கலவை. 70 டிகிரியில் உருகும், வெந்நீரே போதும். 22 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ பிடிக்கும்.

குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய் தடவி, ஒரு முனையை அடைத்து, வெந்நீரில் குழாயைச் சூடாக்கியபின் ஊற்றுங்கள். ஊற்றியதும் அடிமுனையிலிருந்து மேல்நோக்கி மெல்லக் குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். சட்டென்று குளிர்ந்தால்தான் மணி பொடியாகி வளையும். தானாக ஆறவிட்டால் பெரிய மணியாகி, வளைக்கும்போது உள்ளேயே முறிந்து, குழாயில் சுருக்கம் விழும். குழாய் அறைச் சூட்டுக்கு வந்தபின் இடைவிடாமல் மெதுவாக வளைத்து, கொதிநீரில் உருக்கி எடுத்து, துணியை இழுத்துத் துடையுங்கள். எண்ணெய் விட்டுப்போனால் கலவை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தை வெள்ளிப் பற்றவைப்பில் சூடாக்கினால், விளக்கு வார்ப்பவருக்குச் சொன்ன அதே கீறல் இங்கும் வரும். தீயை நேரடியாகக் காட்டவே வேண்டாம், காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும். சைலன்சர், கிரில் போன்ற இரும்புக் குழாய்க்கு இவ்வளவு செலவு தேவையில்லை, காய்ந்த மணலை இறுகத் தட்டி நிரப்பினால் போதும்.

ராதாபுரம், கல்லூரி மாணவர்: அணு உலையைக் குளிர்விக்கப் பிஸ்மத் பயன்படுத்துவார்களாமே, கூடங்குளத்தில் உண்டா?

இல்லை. கூடங்குளத்தில் ஓடுவது அழுத்தமேற்றிய தண்ணீர். காரீயம் 44.5, பிஸ்மத் 55.5 பங்குக் கலவையை முன்னாள் சோவியத் ஒன்றியம் தன் ஆல்பா வகை நீர்மூழ்கிகளின் உலைகளில் ஓடவிட்டது. கொதிக்க 1600 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது வசதி. 123.5 டிகிரிக்குக் கீழே போனால் உலைக்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், துறைமுகத்தில் நிற்கும்போதும் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நியூட்ரான் பட்ட பிஸ்மத்திலிருந்து பொலோனியம்-210 என்ற கடும் கதிரியக்கப் பொருளும் உண்டாகும்.

திசையன்விளை, வாசகி: வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில் பிஸ்மத் இருக்கிறது. நாக்கு கறுத்துவிட்டது. காரீயம் மாதிரி விஷமா?

காரீயத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மென்மையானது. வாயிலும் குடலிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுப்புப் பிஸ்மத் சல்பைடு ஆகிறது, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தினால் சில நாளில் போய்விடும். மலமும் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டி, நாறி, கூடவே தலைசுற்றலும் இருந்தால் அது மாத்திரையால் அல்ல, இரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். 1970-களில் பிரான்ஸில் பிஸ்மத் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு மூளை பாதித்தது.

டவுன், உலோக வியாபாரி: பழைய விலைக்குப் பிஸ்மத் எங்கும் கிடைப்பதில்லை. நம் நாட்டில் தோண்ட முடியாதா?

பிஸ்மத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகத்திலேயே அரிது. பெரும்பாலும் காரீயம், டங்ஸ்டன் எடுக்கும்போது கூடவே வருவது. உருகிய காரீயத்தில் கால்சியமும் மக்னீசியமும் போட்டால், அவை பிஸ்மத்தைப் பிடித்துக்கொண்டு மேலே கசடாக மிதக்கும். அதை வழித்துச் சுத்தம் செய்து எடுக்கிறார்கள். ஆகவே விலை ஏறினாலும் காரீய உற்பத்தி ஏறாமல் பிஸ்மத் வரத்து அதிகரிக்காது. உலகச் சரக்கில் பெரும்பங்கு சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு ஏற்றுமதிக்கு அனுமதி முறை கொண்டுவந்ததும் விலை பல மடங்கு எகிறியது. இந்திய அரசு 2023-ல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பிஸ்மத்தும் இருக்கிறது. இப்போதைக்கு உங்கள் கடைக்கு வரும் பழைய தெளிப்பான் இணைப்பு, குழாய் வளைத்த கலவைக் கட்டி இவற்றை எடைக்கு எடை இரும்பு விலையில் தள்ளிவிடாமல், கலவை வாரியாகத் தனித்தனி டப்பாவில் சேருங்கள். காட்மியம் உள்ளதன் மேல் சிவப்பு மையில் எழுதி, மூடி இறுக்கி வையுங்கள்.